காருக்கு பாலிஷர் வாங்கப் போறீங்களா? மெஷினோட சேர்த்து பேடையும் பாருங்க பாஸ்!

ராத்திரி பெட்ரோல் பங்க்கில், வெள்ளை எல்.இ.டி விளக்குக்குக் கீழே உங்க காரை நிறுத்திட்டு, பானெட்டைக் கொஞ்சம் சாய்வாகப் பாருங்க. பகலில் பளபளன்னு இருந்த அதே பானெட்டில், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி சிலந்தி வலை பின்னின மாதிரி கீறல்கள் தெரியும். கறுப்பு, அடர் நீலம், மெரூன் என்றால் கேட்கவே வேண்டாம். வெள்ளை, சில்வர் கார்களிலும் இது உண்டு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, அவ்ளோதான். இதுக்குப் பேர்தான் ஸ்விர்ல் மார்க்.

பார்க்க வட்டமாகத் தெரிந்தாலும், இவை பெரும்பாலும் வட்டக் கீறல்கள் கிடையாது. கன்னாபின்னான்னு எல்லாத் திசையிலும் விழுந்த மெல்லிய கோடுகள்தான். விளக்கு வெளிச்சத்தில் குறிப்பிட்ட கோணத்தில் இருக்கும் கோடுகள் மட்டும் மின்னுவதால், நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. காரணம் வேறு யாருமில்லை... துடைக்கிற துணி! அப்பார்ட்மென்ட்டில் காலையில் ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே துணியில் பத்து கார் துடைக்கப்படுகிறதே, அங்கேதான் ஆரம்பம். காய்ந்த தூசி மேல் துணியை வைத்து இழுத்தால், அந்தத் தூசியே உப்புத்தாள் வேலை செய்துவிடும்.

சரி, கீறலைப் பார்த்தாச்சு. யூடியூபில் நாலு வீடியோவும் பார்த்தாச்சு. அடுத்து கை தானாக ஷாப்பிங் ஆப்பைத் திறந்து ‘கார் பாலிஷர்’ என்று தேடும். இங்கேதான் கொஞ்சம் நிதானம் தேவை. ஏன்னா, பாலிஷ் செய்வது என்றால் எதையோ பூசி கீறலை மறைப்பது இல்லை. கீறல் இருக்கும் மட்டம் வரை மேல்பரப்பைச் சீவி எடுப்பது!

எவ்வளவு இருக்கு, எவ்வளவு எடுக்கலாம்?

இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, பிரைமர், கலர், அதற்கும் மேலே கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கும். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100-லிருந்து 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமாராக 35-லிருந்து 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே கிட்டத்தட்ட 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கோங்க. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கி, உள்ளே இருக்கும் கலரைக் காப்பாற்றுவது அந்த மெல்லிய கிளியர் கோட்தான்.

நல்ல அழுத்தமாக ஒருமுறை காம்பவுண்ட் போட்டால் சில மைக்ரான் போய்விடும். போனது திரும்பி வராது. எந்த வேக்ஸும், எந்த செராமிக் கோட்டிங்கும் அதை ஈடுகட்டாது. ரொம்பச் சீவிவிட்டால், அடுத்த சில வருடங்களில் ரூஃபிலும் பானெட்டிலும் கிளியர் கோட் பாம்புச் சட்டை மாதிரி உரிய ஆரம்பிக்கும். அப்புறம் ரீ-பெயின்ட் தவிர வழியில்லை. இ.எம்.ஐ இன்னும் முடியாத காருக்கு அந்த நிலைமை வரணுமா?

அதனால், எந்த மெஷின், எந்த பேட் என்ற கேள்வியை இப்படிக் கேட்டுப் பாருங்க: தவறு நடந்தால் எவ்வளவு பெரிய தவறாக நடக்கும் என்பதை மெஷின் முடிவு செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு சீவப்படும் என்பதை பேடும், அதில் ஊற்றும் காம்பவுண்டும் முடிவு செய்கின்றன.

ரோட்டரியா, டி.ஏ-வா?

முதலில் ஒரு விஷயத்தைத் தள்ளிவைத்துவிடலாம். வீட்டில் இருக்கும் ஆங்கிள் கிரைண்டரில் பஞ்சு பேடை மாட்டி பாலிஷ் போடுவது. வேண்டவே வேண்டாம். 4 இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கும் மேலே ஓடும். பாலிஷருக்குத் தேவையான வேகமோ பொதுவாக 600-லிருந்து 3,000-க்குள். அதே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பெயின்ட் கருகிவிடும். டிரில்லிங் மெஷினில் மாட்டும் பேட் ஹெட்லைட்டைத் துடைக்க ஓகே, முழு காருக்குச் சரிப்படாது.

கடையில் விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் ரோட்டரி பாலிஷர். இதில் பேட் ஒரே அச்சில், ஒரே வட்டத்தில் சுற்றும். வேலை சீக்கிரம் முடியும், சூடும் சீக்கிரம் ஏறும். டிங்கரிங்-பெயின்டிங் பட்டறையில் அண்ணன்கள் இதை வைத்து ஆழமான கீறலைக்கூட அநாயாசமாக எடுப்பார்கள். அது பல வருடக் கைப்பழக்கம். புதுசாகக் கையில் எடுப்பவருக்கு, கதவின் மடிப்புகளிலும் ஓரங்களிலும் பெயின்ட் மெலிந்திருக்கும் இடம் எதுன்னு தெரியாது. அந்த இடத்தில் ரோட்டரி ஒரு நொடி கூடுதலாக நின்றால் கிளியர் கோட் காலி. அப்படி நடக்கவில்லை என்றாலும், வெயிலில் பார்க்கும்போது பட்டை பட்டையாக ஓடும் ‘ஹாலோகிராம்’ கோடுகள் மிஞ்சும்.

முதல் மெஷினாக வாங்க வேண்டியது டூயல் ஆக்‌ஷன், சுருக்கமாக டி.ஏ. பூமி தன்னைத் தானே சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுகிறது இல்லையா... அதே மாதிரி, பேட் சுழன்றுகொண்டே சின்ன வட்டத்தில் அலைந்துகொண்டும் இருக்கும். இதனால் சூடு ஒரே இடத்தில் குவியாது. அதைவிட முக்கியம், நீங்கள் அளவுக்கு மீறி அழுத்தினால் பேட் சுற்றுவதை நிறுத்திவிடும், வெறுமனே அதிரும். ‘என்னடா மெஷின் சுத்த மாட்டேங்குது’ன்னு எரிச்சலாக இருக்கும். ஆனா, அந்தக் குணம்தான் உங்க பெயின்ட்டுக்குப் பாதுகாப்பு.

டி.ஏ-விலேயே கியர் வைத்து, அழுத்தினாலும் நிற்காமல் சுற்றும் ரகம் ஒன்று உண்டு. ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்.சி 3401 இந்த வகையில் பிரபலம். நல்ல மெஷின்தான். ஆனால், பழக்கம் இல்லாத கையை இழுத்துக்கொண்டு ஓடும். அது ரெண்டாவது மெஷினாக இருக்கட்டும்.

‘த்ரோ’ன்னா என்ன?

டி.ஏ விளம்பரத்தில் 8 மி.மீ, 12 மி.மீ, 15 மி.மீ, 21 மி.மீ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். பேட் அலையும் அந்தச் சின்ன வட்டத்தின் விட்டம்தான் அது. இத்தாலியின் ரூபஸ் நிறுவனம் 15, 21 மி.மீ மெஷின்களைக் கொண்டு வந்த பிறகுதான் பெரிய த்ரோ மெஷின்கள் டீட்டெய்லிங் உலகில் பரவலாயின.

‘பெரிய நம்பர்னா பெரிய பவர்’ என்று 21-க்கு ஓடாதீங்க. பெரிய த்ரோவும் 6 இன்ச் பிளேட்டும் எஸ்.யூ.வி-யின் அகலமான பானெட், ரூஃப் மாதிரி சமதளத்தில்தான் ஜொலிக்கும். நம் ஊரில் அதிகம் ஓடுவது சின்ன ஹேட்ச்பேக்கும் காம்பேக்ட் எஸ்.யூ.வி-யும். அதில் எங்கே பார்த்தாலும் வளைவு, மடிப்பு, குழி. வளைவில் பெரிய பேடின் ஒரு ஓரம் மட்டும் படும், சுழற்சி நின்றுபோகும். 8 மி.மீ மெஷின் பழக ரொம்ப சுலபம். ஆனால், வேலை மெதுவாக நகரும். பாதி காரிலேயே பொறுமை போய்விடும். என் சாய்ஸ், 12 அல்லது 15 மி.மீ த்ரோ, 5 இன்ச் பேக்கிங் பிளேட். ஒரே ஒரு மெஷின்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு இந்த அளவு போதும்.

வாட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டயல் இருக்கா, ஸ்விட்ச் போட்டதும் குபீர்னு கிளம்பாமல் மெதுவாக ஆரம்பிக்குதா, பேக்கிங் பிளேட்டைக் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்க. ‘கார்பன் பிரஷ்ஷும், பிளேட்டும் தனியா கிடைக்குமா?’ என்று கடைக்காரரிடம் கேளுங்க. தேய்ந்துபோகும் பாகங்கள் இவை. கிடைக்காது என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த மெஷின் லாபமில்லை. கையில் தூக்கிப் பார்ப்பதும் நல்லது. கதவுப் பக்கம் வேலை செய்யும்போது அந்த எடையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டே மணிக்கணக்கில் நிற்கணும். பேட்டரி மெஷின் பார்க்க ஸ்டைலாக இருக்கும். ஆனால், முழு காரை முடிக்க ஒரு பேட்டரி போதாது, முதல் மெஷினுக்கு ஒயர் வைத்ததே நல்லது.

மஞ்சள் பேட்... யாரோட மஞ்சள்?

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்தாச்சு. மெஷினுக்குப் பல நாள் ரிவ்யூ பார்ப்பவர்கள், பேடை மட்டும் ‘5 கலர் காம்போ’ என்று ஒரு பாக்கெட்டாக வாங்கிவிடுவார்கள். பெயின்ட்டின் மேல் படுவது மெஷின் இல்லீங்க, பேட்!

பேடில் பொதுவாக மூன்று வேலை. ஆழமான கீறலை எடுக்கும் கட்டிங் பேட், நடுத்தரமான பாலிஷிங் பேட், கடைசி மினுமினுப்புக்கு ஃபினிஷிங் பேட். எது எந்தக் கலர்? அங்கேதான் சிக்கல். எல்லா கம்பெனிக்கும் பொதுவான கலர் விதி எதுவும் கிடையாது. அமெரிக்காவின் லேக் கன்ட்ரி பேடில் மஞ்சள் என்றால் கடினமான கட்டிங். ரூபஸில் அதே மஞ்சள் என்றால் மென்மையான ஃபைன் பாலிஷ். அங்கே கடினமானது நீலம், நடுத்தரம் பச்சை, ஆக மென்மையானது வெள்ளை. லேக் கன்ட்ரியில் வெள்ளை என்பது பாலிஷிங்குக்கு, கறுப்புதான் ஃபினிஷிங்குக்கு. ஒரு வீடியோவில் ‘மஞ்சள் பேட் போடுங்க’ன்னு சொன்னதைக் கேட்டு, வேறு கம்பெனி மஞ்சளை மாட்டினால், மினுக்க வேண்டிய இடத்தில் சீவிவிடுவீர்கள். பாக்கெட்டில் ‘கட்’, ‘பாலிஷ்’, ‘ஃபினிஷ்’ என்று எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்க. எதுவுமே எழுதாத காம்போ பாக்கெட்டில் இருக்கும் பேட், ஸ்டீரியோ மூடியைத் துடைக்கக்கூட யோசிக்க வேண்டியது.

அடுத்து, எதில் செய்தது என்று பாருங்க. ஃபோம் பேட்தான் ஆரம்பத்துக்குப் பாதுகாப்பு. மைக்ரோஃபைபர் பேட் டி.ஏ-வில் வேகமாகச் சீவும். ஆனா, மென்மையான பெயின்ட்டில் புகை படிந்த மாதிரி ஒரு மங்கலை விட்டுப்போகும். அதை எடுக்க மறுபடியும் ஃபோம் பேட் போடணும். கம்பளி பேட் எல்லாவற்றையும்விட முரட்டு ஆள். அதற்கு இப்போ அவசரமில்லை.

சைஸ் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. பேட் எப்போதும் பேக்கிங் பிளேட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கணும். 5 இன்ச் பிளேட்டுக்கு 5.5 இன்ச் பேட். சமமாக இருந்தால், கொஞ்சம் நகர்ந்து மாட்டியதும் பிளேட்டின் விளிம்பு பெயின்ட்டில் இடிக்கும், புதுக் கீறல் ரெடி. ரொம்பப் பெரிதாக இருந்தால் ஓரம் தொளதொளன்னு ஆடி, பேட் சுற்றாமல் திணறும்.

தடிமனும் முக்கியம். ரோட்டரிக்காகச் செய்த தடியான ஃபோமை டி.ஏ-வில் மாட்டினால், மெஷினின் அலைவை ஃபோமே விழுங்கிவிடும். பெயின்ட்டுக்குப் போய்ச் சேராது. டி.ஏ-வுக்கு மெல்லிய பேட், முடிந்தால் நடுவில் ஓட்டை உள்ளது நல்லது. நடுப்பகுதியில்தான் சூடு தேங்கும். சூட்டில் பிளேட்டின் வெல்க்ரோ கொக்கிகள் உருகி, பேட் பிய்த்துக்கொண்டு பறப்பதும் நடக்கும்.

எத்தனை வாங்கணும்? ஒரு மெஷினுக்கு ஒரு பேட் என்பதுதான் நிறைய பேர் போடும் தப்புக் கணக்கு. சீவிய பெயின்ட் துகளும் காய்ந்த காம்பவுண்டும் பேடில் அடைத்துக்கொள்ளும். அதே பேடில் ஒரு காரை முடிக்க முயன்றால், பாதிக்கு மேல் அது பாலிஷ் இல்லை, தேய்ப்பு. ஒரு ஹேட்ச்பேக்குக்கு பாலிஷிங் பேட் 3, ஃபினிஷிங் 2, கட்டிங் 1 இருந்தால் நிம்மதி. பட்ஜெட் இடித்தால் மெஷினில் ஒரு படி இறங்குங்க, பேடில் இறங்காதீங்க. ஒரு பேடுக்கு ஒரு திரவம்தான். காம்பவுண்ட் ஊறிய பேடில் ஃபைன் பாலிஷை ஊற்றக் கூடாது. பேடின் முதுகில் மார்க்கரில் எழுதி வைத்தால் குழப்பம் வராது.

எதில் ஆரம்பிக்கலாம்?

உங்க காரில் ஆரம்பிக்காதீங்க! சென்னை என்றால் புதுப்பேட்டை, மற்ற ஊர் என்றால் பக்கத்துக் காயலான் கடை. ஒரு பழைய பானெட்டையோ கதவையோ வாங்கி, அதில் பழகுங்க. வேண்டுமென்றே ஓரத்தில் நிறுத்தி, பெயின்ட் எவ்வளவு நேரத்தில் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால், அந்தப் பயம் பிறகு கையிலேயே இருக்கும்.

சொந்தக் காருக்கு வரும்போது, முதலில் ஷாம்பு வாஷ், பிறகு கிளே பார். கையை வைத்தால் சொரசொரப்பு தெரியக் கூடாது. அழுக்கின் மேல் பாலிஷர் ஓட்டினால் அந்த அழுக்கே காம்பவுண்ட் ஆகிவிடும். கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், கூரான மடிப்புகள் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. வெயிலில் நின்ற பானெட்டில் கை வைக்கவே கூடாது. நிழலில், தகடு குளிர்ந்த பிறகுதான் வேலை.

எடுத்ததும் கட்டிங் பேட் வேண்டாம். பானெட்டில் 2 அடிக்கு 2 அடி இடம். பாலிஷிங் பேட், ஃபைன் பாலிஷ். புதுப் பேட் என்றால் கொஞ்சம் கூடுதலாகத் தடவி, பிறகு நாலைந்து சொட்டு போதும். பேடைப் பெயின்ட்டில் வைத்த பிறகுதான் ஸ்விட்ச். முன்னாடியே போட்டால் உங்க சட்டை, சுவர், பக்கத்து வீட்டு பைக் எல்லாத்துக்கும் பாலிஷ்! டயலை 4 அல்லது 5-ல் வைத்து, நொடிக்கு ஒரு இன்ச் மாதிரி நிதானமாக, ஒருமுறை இடவலமாக, ஒருமுறை மேலும் கீழுமாக, முந்தைய பாதையில் பாதியை மூடிக்கொண்டே போங்க. இப்படி 4 சுற்று. பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரில் ஒரு கோடு போட்டால், பேட் சுற்றுகிறதா இல்லை வெறுமனே அதிர்கிறதா என்று தெரிந்துவிடும்.

துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஸ்ப்ரே செய்து மறுபடி துடைங்க. இது ரொம்ப அவசியம். சில பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பியும் இருக்கும். கீறலுக்குள் போய் உட்கார்ந்து ‘போயிடுச்சு’ என்று ஏமாற்றும். ரெண்டு வாஷ் கழித்து எல்லாம் திரும்பி வந்து நிற்கும். அதைக் கழுவிய பிறகும் டார்ச் வெளிச்சத்தில் கீறல் இல்லை என்றால், இதே கூட்டணியில் முழு காரையும் முடிக்கலாம். இருந்தால், பேடையோ திரவத்தையோ ஏதாவது ஒன்றை மட்டும் ஒரு படி ஏற்றுங்க. ரெண்டையும் சேர்த்து மாற்றினால், எது வேலை செய்தது என்றே தெரியாது.

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டினால் அது பாலிஷில் போகாது. போக வைக்க முயன்றால் கிளியர் கோட்தான் போகும். அதை மழுங்கடித்து விட்டுவிடுவதே நல்லது. 

கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. மேட் ஃபினிஷ் காரில் பாலிஷரே கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்து, திட்டுத் திட்டாக நிற்கும். ஏற்கெனவே செராமிக் கோட்டிங் போட்டிருந்தால், பாலிஷ் அதையும் சேர்த்து எடுத்துவிடும். பம்பர் பிளாஸ்டிக், இரும்பு மாதிரி சூட்டைக் கடத்தி விடாது, பெயின்ட் அடியிலேயே சூடு தேங்கும். அங்கே வேகத்தைக் குறைங்க. பழைய அம்பாஸடர், ஃபியட் மாதிரி காரில் ஃபோமில் காரின் கலரே ஒட்டினால் பதறாதீங்க. கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட் அப்படித்தான். ஆனால், நவீன காரில் கலர் ஒட்டினால் உடனே நிறுத்துங்க, கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் என்றால், பாலிஷர் வாங்கும் முன் பெயின்ட் தடிமனை அளக்கும் கேஜை யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்க. கேஜ் மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட்டை மட்டும் தனியாகக் காட்டாது. ஆனாலும், எல்லா இடத்திலும் 120 காட்டிவிட்டு ஒரு கதவில் மட்டும் 80 என்றால், அங்கே ஏற்கெனவே யாரோ நல்லாச் சீவியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஒரேயடியாக 300, 400 என்று ஏறினால் அது ரீ-பெயின்ட். அடியில் பட்டியும் இருக்கலாம்.

முதல் தடவை என்றால் முழு காருக்கு ஒரு நாள் முழுசாகப் போகும். ஒரே மூச்சில் முடிக்கணும்னு இல்லை. இந்த ஞாயிறு பானெட், அடுத்த ஞாயிறு கதவுகள் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யணும். எல்லாம் முடிந்ததும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கசக்கி, முறுக்காமல் பிழிந்து, ஃபோம் பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் காயவைத்து, தூசி படாமல் மூடி போட்ட டப்பாவில் வைங்க. தரையில் விழுந்த பேடைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டவே மாட்டாதீங்க. அதில் ஒட்டியிருக்கும் ஒரே ஒரு மணல் போதும்.

அப்புறம், அடுத்த சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டைப் பாருங்க. ‘ரப்பிங்-பாலிஷ்’ என்று ஒரு வரி சேர்ந்திருந்தால், அதை அடித்துவிட்டு ‘தண்ணீர் வாஷ் மட்டும், துணியால் துடைக்க வேண்டாம்’ என்று எழுதச் சொல்லுங்க. அப்பார்ட்மென்ட்டில் கார் துடைக்க வரும் அண்ணனுக்கும் ரெண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, ‘தூசியை முதல்ல தண்ணி ஊத்திக் கழுவிட்டு, அப்புறம் துடைங்கண்ணே’ன்னு சொல்லிவைங்க.